வென்ற தலைவர் ஏன் வீழ்ந்தார்?



1945 ஜூலை 26. இட்லரின் ஆட்சி மண்ணைக் கவ்வி மூன்று திங்கள்கூட ஆகவில்லை. வெற்றி வீரர் என்று பிரிட்டன் முழுதும் போற்றிய சர்ச்சிலை, அந்நாட்டு மக்களே வாக்குச் சீட்டால் வீட்டுக்கு அனுப்பினர். அட்லியின் தொழிற்கட்சிக்கு 393 இடங்கள்! கடல்கடந்த பாசறைகளிலிருந்து சிப்பாய்களின் வாக்குகள் வந்து சேர, மூன்று வாரம் காத்திருந்து எண்ணிய முடிவு அது.

நன்றி மறந்த மக்கள் என்று ஏசினர் சிலர். நன்றியா கேள்வி? ஆறாண்டுப் போரில் அம்மக்கள் எதைக் கண்டார்கள் என்பதல்லவா கேள்வி!

1930-களில் இலட்சக்கணக்கானோர் வேலையின்றி வாடினர். பணமில்லை என்று கைவிரித்தது அரசு. போர் மூண்டது, பணம் வந்தது! பணம் மட்டுமா, வேலையும் வந்தது. 1940 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்தன. சீமாட்டிக்கும் சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கும் சர்க்கரை ஒரே அளவு. சீமானுக்கு உணவு விடுதி இருந்தது, கள்ளச்சந்தை இருந்தது, மறைப்பானேன்? ஆயினும், ஏழைக் குழந்தைக்குப் பால் கிடைத்தது. குண்டடிபட்டோருக்காக மருத்துவமனைகள் அரசின் ஆணைக்குள் வந்தன. 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, வறுமை, பிணி, அறியாமை, குடியிருப்புச் சீர்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் அரக்கர்கள் என்றது. மக்கள் வரிசையில் நின்று அதை வாங்கினர். கொல்லக் கிடைத்த பணம் குணப்படுத்தக் கிடைக்காதா என்ற கேள்வி பிறந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு, தோழர்களே. 1943-இல், அதே அரசின் ஆளுகையில், வங்கத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அவர்களுக்கு அந்த அரசை வீட்டுக்கு அனுப்பும் வாக்கு இல்லை!

வென்ற நாட்டின் கருவூலமோ காலி. அமெரிக்காவிடம் 1946-இல் வாங்கிய கடன் 375 கோடி டாலர். கடைசித் தவணை கட்டியது 2006-இல்! போர்க்காலத்தில்கூடப் பங்கிடாத ரொட்டியை 1946-இல் பங்கிட்டார்கள். இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீண்டது. அந்த வறுமையில்தான் 1947-இல் நிலக்கரிச் சுரங்கங்கள் பொதுவுடைமையாயின. 1948 ஜூலை 5 முதல் அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவம். அதைக் கட்டி எழுப்பியவர், சிறுவயதிலேயே சுரங்கத்தில் உழைத்த அனூரின் பெவன். கடைப்பலகையில் கிடந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து வாங்கிய ஏழைகள், முதன்முதலாகத் தம் கண்ணுக்கேற்ற கண்ணாடி அணிந்தனர். பல்லிழந்த முதியோர் பொய்ப்பல் பெற்றனர்.

கொடுத்த கையே பறிக்கவும் வந்தது. கொரியாவில் போர் மூண்டதும், படைக்கலத்துக்கென மூன்றாண்டுக்கு 470 கோடி பவுன் ஒதுக்கினர். அந்தச் சுமைக்கிடையே, 1951 ஏப்ரலில், அதே தொழிற்கட்சி அரசு கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதித்தது. முதலாண்டில் மிச்சமாகும் என்று கணக்கிட்டது எவ்வளவு? 1.3 கோடி பவுன்! பெவன் பதவியை உதறி வெளியேறினார். அக்டோபரில் தேர்தல் வந்தது. தொழிற்கட்சி வீழ்ந்தது, சர்ச்சில் மீண்டும் பிரதமரானார்.