கடல் கடந்த ஆசிரியத் தொழில்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் பி.எட். பட்டம் பெற்ற இளைஞரும் மகளிரும் இன்று பலர் உளர். அவருட் சிலர் அயல்நாட்டுப் பள்ளிகளில், சிறப்பாக ஐக்கிய அரபு அமீரகத்துப் பள்ளிகளில், ஆசிரியராய் அமர விழைகின்றனர். போகலாமா, போகலாகாதா என்பது ஈண்டு வினாவன்று. போவோர் எவற்றை ஆராய்ந்து போதல் வேண்டும் என்பதே யான் சொல்லப் புகுந்த பொருள்.

சர்வதேசப் பள்ளி என்னும் பெயர் ஒன்றாயினும் அதன் வகை பலவாம். 1924-இல் ஜெனிவா நகரில், சர்வதேச சங்கத்து உத்தியோகஸ்தர்தம் மக்கள் பயிலும்பொருட்டு ஒரு பள்ளி தோன்றிற்று. அந்நகரிலேயே 1968-இல் இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்னும் கல்வி அமைப்பு நிறுவப்பெற்றது. அப்பாடத்தை நடத்தும் பள்ளிகள் ஒருவகை, பிரிட்டிஷ் பாடத்தை நடத்துவன மற்றொருவகை, நம் சி.பி.எஸ்.இ. பாடத்தை நடத்தும் இந்தியப் பள்ளிகள் பிறிதொருவகை. நம் ஆசிரியர்க்கு எளிதில் திறக்கும் வாயில் பெரும்பாலும் மூன்றாவதே. அங்கே மாணாக்கர் கட்டணம் பொதுவாகக் குறைவு; ஆதலின் சம்பளமும் குறைவு. பெயரைக் கேட்ட அளவில் பெருஞ்செல்வம் வரும் என்று எண்ணுதல் தகாது.

முதற்கண் சான்றிதழ். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசிலும், நம் வெளியுறவு அமைச்சகத்திலும், அமீரகத் தூதரகத்திலும் முறையே முத்திரை பெறல் வேண்டும். இதற்கு நாளும் பொருளும் செல்லும். இறுதி நாள்வரை வாளாவிருப்போர் இடர்ப்படுவர்.

இரண்டாவது தரகர். நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதார் அயல்நாட்டுக்கு ஆள் சேர்த்தல் குற்றம். அமீரகச் சட்டமும், ஆள் சேர்க்கும் செலவைப் பணியாளரிடம் வாங்கலாகாது என விதிக்கின்றது. ஆகவே, நகையை அடகு வைத்தேனும் இலட்சம் கொண்டுவா என்பவனையும், சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்கு என்பவனையும் நம்பற்க. அவ்விசாவில் வேலை செய்தல் அங்கே சட்ட விரோதம். துன்பம் வருங்கால் அதனைத் தாங்குபவர் ஆசிரியரேயன்றித் தரகர் அல்லர்.

மூன்றாவது ஒப்பந்தம். மொத்தச் சம்பளத்தை மட்டும் நோக்கி மகிழ்தல் பேதைமை. என்னை? அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பணி முடிந்து மீள்வோர்க்கு உரிய பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடுகின்றது. முதல் ஐந்தாண்டுகட்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளம். ஓராண்டேனும் பணியாற்றாதார்க்கு இஃதில்லை. மொத்தம் 6,000 திர்ஹாம் பெறும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு அடிப்படை 3,000, மற்றவர்க்கு 4,800. ஐந்தாண்டு கழித்து முன்னவர் பெறுவது 10,500 திர்ஹாம். பின்னவர் பெறுவது 16,800. சம்பளம் ஒன்றே, ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரியால் நேர்ந்த வேற்றுமை 6,300 திர்ஹாம்!

அன்றியும், வீட்டு வாடகை யார் பொறுப்பு, மக்கள் பள்ளிக் கட்டணத்தில் சலுகை உண்டா, விடுமுறை மாதங்கட்குச் சம்பளம் உண்டா, விலகுவதற்கு எத்துணை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பனவெல்லாம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல் கடல் கடந்தால் செல்லாது. பாஸ்போர்ட்டைத் தம் கையிலேயே வைத்துக்கொள்க; முதலாளி அதனைப் பிடித்து வைத்தலை அச்சட்டம் தடுக்கின்றது. ஈண்டு அரசுப் பணியில் உள்ளோர் முறைப்படி அனுமதி பெறாது புறப்படுதல் கூடாது. அது கையிலுள்ள வேலைக்கும் கேடாய் முடியும்.

நிறைவாகச் சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள். அங்குப் பணியாற்றி மீண்ட நம்மவர் இருவர் மூவரைக் கொண்டு ஒரு சிறு குழு அமைத்து, நம் பிள்ளைகள் கையொப்பம் இடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் செய்க. சான்றிதழ் முத்திரைச் செலவுக்குக் கல்வி நிதியிலிருந்து வட்டியின்றிக் கடன் தருக. கடன் சுமையின்றிச் செல்லும் ஆசிரியரே, தகாத பணியை மறுத்து ஊர் திரும்பும் உரிமையும் உடையவர் ஆவர். அவ்வுரிமையோடு நம் மக்கள் சென்று, நற்பெயரோடு மீள்க என வாழ்த்தி அமைகின்றேன்.