நாடுகள் வாங்கும் கடனும் மக்கள் சுமக்கும் பாரமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

சற்று முன்னர் நமது பள்ளிவாசலின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு செலவுக்கும் நாம் விளக்கம் கேட்டோம். நிர்வாகத்தினரும் பொறுமையுடன் விடையளித்தனர். நாடுகளின் கடனைப் பற்றிச் சிந்திக்க இதுவே தக்க தருணம்.

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் மகளின் திருமணத்திற்கென நகை வாங்குகிறோம். இடர் வந்தால் அதே நகையுடன் மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அடகுக் கடைப் படியேறுகிறோம். அப்போது மனம் படும் பாட்டை நம்மில் பலர் அறிவோம். 1991-இல் நமது நாடே அந்தப் படியேற நேர்ந்தது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. எண்ணெய் விலை ஏறியது. அங்கு பாடுபட்டுக் கொண்டிருந்த சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் தாயகம் திரும்பினர்; பலர் வெறுங்கையுடன் வந்தனர். அவர்கள் அனுப்பி வந்த பணமும் நின்றது. முன்பே பெருகியிருந்த கடனும் சேர்ந்துகொள்ள, அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கியது. 1991 மே மாதத்தில் 20 டன் தங்கம் வெளிநாட்டில் விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கத்தை ஈடாகக் கொண்டு, பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் ஜப்பான் வங்கியிடமும் சுமார் 40 கோடி டாலர் பெறப்பட்டது. ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. உர விலை உயர்த்தப்பட்டது. ஆயினும் தவணை தவறவில்லை. ஈடு வைத்த தங்கமும் மீண்டது. 2009-இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்தே 200 டன் தங்கத்தை இந்தியா விலைக்கு வாங்கியது.

அண்டை நாடான இலங்கைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2007 முதல் அந்நாடு பன்னாட்டுச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்றது. 2019 இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. கொரோனாவால் சுற்றுலா வருவாய் வற்றியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்தனர். சிலர் குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடியில் கரை சேர்ந்தனர். மே 18 அன்று நமது சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் புறப்பட்டது.

அக்கடனைச் சுமந்தவர் யார்? 8 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் கைவசமிருந்த நீண்டகாலப் பத்திரங்கள் விலக்கப்பட்டன. உழைப்பாளிகளின் ஊழியர் சேமலாப நிதியமோ குறைந்த வட்டியை ஏற்க நேர்ந்தது. கையொப்பமிட்டவர் ஒருவர், கடனை அடைப்பவர் வேறொருவர். இதுவே நாட்டுக் கடனின் அரசியல்.

நொடித்துப்போன வணிகனுக்குச் சட்டமும் நீதிமன்றமும் உண்டு. நொடித்துப்போன நாட்டிற்கு அத்தகைய மன்றம் இல்லை. அதற்கொரு பொதுச் சட்ட ஏற்பாடு வேண்டுமென 2014-இல் ஐ.நா. பொதுச்சபையில் 124 நாடுகள் வாக்களித்தன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட 11 நாடுகள் எதிர்த்தன. அந்த ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை. பன்னாட்டு நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்திற்கு மேல் உள்ளது. அந்நாடு இசையாமல் அங்கு பெரிய மாற்றம் ஏதும் நிகழாது.

கடனே கூடாதென நாம் கூறவில்லை. சைதாப்பேட்டை வழியே ஓடும் மெட்ரோ ரயில் ஜப்பானியக் கடனுதவியுடன் எழுந்ததே. எதற்காக வாங்கினோம், யார் பயனடைந்தார், யார் அடைப்பார் என்பதே கேள்வி.

கடனை எழுதி வைக்கவும், இடுக்கணில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கவும் நமது மார்க்கம் பணிக்கிறது. எழுதி வைப்பது கணக்கைக் காக்கும். அவகாசம் மனிதனைக் காக்கும். நாடுகளுக்கிடையிலும் இவ்விரண்டும் வேண்டும். பள்ளிவாசல் கணக்கில் காட்டும் அதே அக்கறையை அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் காட்டுவோமாக. அதுவும் நமது கணக்கே. அதன் நிலுவை நமது பிள்ளைகளின் பெயரிலேயே எழுதப்படுகிறது.