விளையாட்டின் நடுவே தளரும் செயலி



தில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், புனே முதலிய நகரங்களில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் நம் இளைஞர் பலருக்குக் கணினி விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. சனிக்கிழமை இரவு மதுரையில் ஒருவர், தஞ்சையில் ஒருவர், தில்லியில் ஒருவர் என அவரவர் அறையில் அமர்ந்து ஒரே ஆட்டத்தில் கலக்கின்றனர். ஆடிக்கொண்டே ஊர்ச் செய்தி பேசுகின்றனர். முன்னாளில் திண்ணை செய்த வேலையை இன்று இது செய்கிறது. அந்த வேளையில் கணினி தளர்ந்து, திரையிலுள்ள படம் விட்டுவிட்டு நகருமானால் கெடுவது ஆட்டம் மட்டும் அன்று. வாரம் முழுதும் காத்திருந்த ஒரு மணி நேர உறவும் கெடுகிறது. கடைக்குக் கொண்டு சென்றால், “செயலி பழையதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்பவர்க்கு அது எளிதில் ஏற்கத்தக்க விடை அன்று. பல வேளைகளில் அது சரியான விடையும் அன்று.

இக்குறை, செயலியை அதன் நிறுவனம் குறித்த அளவுக்கு மேல் விரட்டி ஓட்டுவோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வாறு விரட்டுவதை ஓவர்கிளாக் செய்தல் என்பர். நாம் மிகைவேகம் என்றே குறிப்போம்.

செயலி என்பது கணினியின் கணக்கப்பிள்ளை. ஒரு கடிகாரத் துடிப்புக்கேற்பப் படிப்படியாக அது தன் கணக்குகளைச் செய்து முடிக்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடித் துடிப்பு. எடுத்துக்காட்டாக, இன்டெல் நிறுவனம் 2017 அக்டோபரில் வெளியிட்ட கோர் ஐ7-8700கே என்னும் செயலியைக் கொள்வோம். தில்லி நேரு பிளேஸிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும் பழைய பொருள் தேடுவோர் அறிந்த பெயர் அது. அதற்கு ஆறு கருக்கள். அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், ஆறு கருக்களும் ஒருங்கே உழைக்கும்போது தானாகவே 4.3 வரை ஏறும். பெயரின் இறுதியிலுள்ள ‘கே’ என்னும் எழுத்து, வேகத்தின் பூட்டு திறந்து விடப்பட்டுள்ளது என்பதற்கு அடையாளம். ஆதலின் அதனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி ஆடுவோர் பலர்.

இதில் ஒரு கணக்கு மறைந்து கிடக்கிறது. வேகத்தை உயர்த்தினால், துடிப்புகள் பிழையின்றி அமைவதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செயலி உண்ணும் மின்திறனோ வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் வளர்வது. 4.3 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டும், 5 கிகாஹெர்ட்ஸில் 1.35 வோல்ட்டும் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நூற்றுக்குப் 16 கூடிற்று. மின்திறன் நூற்றுக்கு 47 கூடிற்று. பதினாறு பெறுவதற்கு நாற்பத்தேழு கொடுக்கும் வாணிகம் இது. உண்ட மின்திறன் அனைத்தும் வெப்பமாகவே வெளிப்படும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வெப்பம் எல்லை கடந்தால் செயலி என்ன செய்யும்? 2001 ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் தொழில்நுட்ப இதழ் இதனைச் சோதித்துப் படமெடுத்துக் காட்டியது. குவேக் 3 என்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில், செயலியின் மேலுள்ள குளிர்விப்பானைக் கழற்றி எடுத்தனர். அக்காலத்து ஏ.எம்.டி. அத்லான் செயலி சில நொடிகளில் புகைந்து அழிந்தது. இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே வெகுவாகக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது; ஆட்டம் ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்று எல்லாச் செயலிகளிலும் அத்தகைய காவல் உண்டு. நாம் சொன்ன 8700கே 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். எனவே ஆட்டத்தின் நடுவே நேரும் தளர்ச்சியைச் செயலியின் முதுமை என்று உடனே முடிவு கட்டுதல் தவறு. அது பெரும்பாலும் தற்காப்பு. எதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

முதற் சோதனைக்குச் செலவு இல்லை. பயாஸ் என்னும் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, மிகைவேகத்தை முற்றிலும் நீக்கி, நிறுவனம் குறித்த நிலைக்கு மீட்டு, அதே ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே தளர்ச்சி தோன்றினால் மிகைவேகத்தின்மேல் மட்டும் பழி சுமத்துதல் பொருந்தாது. நினைவகம், வட்டு, இணைய இணைப்பு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றையும், செயலியின் குளிர்விப்பையும் நோக்க வேண்டும். தளர்ச்சி மறைந்துவிட்டால் மேலே செல்லலாம். இந்த எளிய சோதனையைச் செய்யாமலே நான்கு நாள் விசிறிகளை மாற்றி மாற்றிப் பூட்டுவோர் உண்டு.

மிகைவேகத்தை மீண்டும் வைத்து, இம்முறை எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற அளவி நிரல் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு ஆட வேண்டும். அது ஒவ்வொரு கருவின் வேகம், வெப்பம், மின்திறன் ஆகியவற்றை நொடிதோறும் பதிவு செய்து வைக்கும். வேகம் குறைந்ததற்கு வெப்பம் காரணமா, மின்திறன் வரம்பு காரணமா என்பதையும் தனி வரிகளில் காட்டும். ஆட்டம் முடிந்தபின் அப்பதிவில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வேகம் எப்போது விழுந்தது? நம் கருத்தில், நோயை அறிவிப்பதில் இக்கேள்விக்கு நிகரானது வேறில்லை.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால், குற்றம் காற்றிலும் இல்லை, அறையிலும் இல்லை. செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே தொடர்பு கெட்டிருக்கிறது. தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். திருகுகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். நீரால் குளிர்விக்கும் வகையாயின் அதன் பம்பு நின்றிருக்கலாம். லாரியிலும் இரயிலிலும் ஊர் மாறி வந்த கணினிகளில், குலுக்கலினால் கனத்த குளிர்விப்பான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்டு. வீடு மாற்றிய பின்பு குறை தொடங்கியதாயின் முதலில் இதனையே ஐயுற வேண்டும். பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டுத் திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கினால் போதும். 8700கேயில் மேல்மூடியின் உள்ளேயும் பற்றவைப்புக்குப் பதிலாகப் பேஸ்ட்டே இடப்பட்டுள்ளது என்பதால், மூடியைப் பெயர்த்து அதனையும் மாற்றுவோர் இருக்கின்றனர். கை தவறினால் செயலி போயிற்று. அதனை நாம் பரிந்துரையோம்.

சில பத்து நொடிகள் முழு வேகத்தில் ஓடி, வெப்பம் 70 அல்லது 75 டிகிரியில் இருக்கும்போதே வேகம் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றால், அது மின்திறன் வரம்பு. 8700கேக்கு நிறுவனம் குறித்த அளவு 95 வாட். சிறிது நேரம் அதனைத் தாண்டவிட்டுப் பின்பு மதர்போர்டு அந்த எல்லைக்கே இழுத்து நிறுத்துகிறது. பயாஸில் அவ்வரம்பை உயர்த்தலாம். ஆனால் மதர்போர்டு தாங்குமா என்று பார்த்தே உயர்த்த வேண்டும்.

தாங்குமா என்பது சிறிய ஐயம் அன்று. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் மின்சாரத்தை ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் குறைத்துச் செயலிக்கு ஊட்டும் சிறு உறுப்புகள் மதர்போர்டில் செயலியை அடுத்து வரிசையாக நிற்கின்றன. வி.ஆர்.எம். என்பது அத்தொகுதியின் பெயர். மலிவான மதர்போர்டுகளில் இவற்றின்மேல் உலோகத் தகடுகூட இராது. செயலி குளிர்ந்தே இருக்கும், இவையோ கொதிக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மதர்போர்டு செயலியைத் திடீரெனக் கீழே இறக்கும். 2012 இல் வந்த ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ்-8350 செயலியை எளிய மதர்போர்டில் விரட்டியவர்கள், 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது விழுந்து விழுந்து எழுவதைக் கண்டிருப்பர். விந்தை யாதெனின், விலை மிகுந்த நீர்க்குளிர்விப்பானை மாட்டியபின் இக்குறை மிகுவதும் உண்டு. பழைய குளிர்விப்பானின் விசிறி தன் காற்றில் ஒரு பகுதியை அச்சிற்றுறுப்புகளின்மேலும் வீசிக்கொண்டிருந்தது. நீர்க்குளிர்விப்பான் வந்ததும் அக்காற்று நின்றது! கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அவ்விடம் நோக்கி வைத்து ஆடிப் பாருங்கள். தளர்ச்சி நீங்கினால் காரணம் வெளிப்பட்டது.

இனி, அரைமணி கடந்து மெல்ல மெல்லத் தளரும் வகை. வட இந்தியக் கோடையில் வாழும் நேயர்களுக்கு இதுவே முதன்மையானது. சோதனை நிரல்களில் பத்து நிமிடம் தேறிய செயலி ஆட்டத்தில் மட்டும் தோற்பது ஏன் என்று பலர் வினவுகின்றனர். சோதனை நிரல் செயலியை மட்டும் சூடேற்றுகிறது. ஆட்டத்திலோ கிராபிக்ஸ் கார்டும் உடன் உழைக்கிறது. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1080 போன்ற ஒரு கார்டின் மின்திறன் அளவு 180 வாட். அவ்வெப்பம் முழுதும் கேபினெட்டுக்குள்ளேயே வீசப்பட்டால், செயலியின் விசிறி உறிஞ்சுவது அந்த வெந்த காற்றையே.

அதற்கும் மேலாக அறை இருக்கிறது. வழக்கமான குளிர்விப்பான் எதுவாயினும், செயலியை அறைக் காற்றினும் குளிர்ச்சியாக்க அதனால் இயலாது. அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கே உண்டு. அவ்வேற்றம் 60 டிகிரி என்று கொள்வோம். 25 டிகிரி அறையில் செயலி 85 இல் நிற்கும். தில்லியில் பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறையில், மே மாதத்தில், பகலெல்லாம் காய்ந்த தளம் இரவிலும் வெப்பத்தைக் கக்கும்போது, அறை 42 டிகிரி இருக்குமாயின் 102 ஆகிவிடும். சனவரியில் தங்கமாக ஓடிய கணினி மே மாதத்தில் தளர்வதற்கு இந்தக் கூட்டல் கணக்குக்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. புழுதிக்காற்றுக் காலத்தில் குளிர்விப்பானின் இதழ்களுக்கிடையே கம்பளிபோல் தூசி படிந்துவிடும். மாதம் ஒருமுறை தூரிகையால் நீக்க வேண்டும். டெசர்ட் கூலர் அறையைக் குளிர்விக்கும். ஆயினும் அதன் ஈரக்காற்று நேரே கேபினெட்டின்மேல் விழலாகாது. கேபினெட்டைச் சுவரோடு ஒட்டியோ, மேசையின் மூடிய அறைக்குள்ளோ வைத்திருந்தால் ஒரு சாண் வெளியே இழுத்து வையுங்கள்.

இவையெல்லாம் செய்தும் தீராவிட்டால்? வேகத்தைச் சற்றே விட்டுக் கொடுக்க வேண்டும் என்போம். இளைஞர்கள் இதனைத் தோல்வியாகக் கருதுகின்றனர். கணக்குப் பார்த்தால் இலாபம். முன்சொன்ன செயலியை 5 இலிருந்து 4.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, அவ்வேகத்துக்கு 1.25 வோல்ட் போதுமாயிருப்பின், இழந்த வேகம் நூற்றுக்கு 4. குறைந்த மின்திறன் ஏறக்குறைய 18. நொடிக்கு அறுபது படம் ஓடும்போது ஒரு படத்துக்குரிய காலம் 16.7 மில்லிநொடி. 4.8 இல் ஒரே சீராக ஓடும் செயலியின் குறைவைக் கண் அறியாது. 5 இல் ஏறி 4 இல் விழுந்து மீண்டும் ஏறும் செயலியோ இடையிடையே ஒரு படத்தைத் தாமதிக்கச் செய்யும். அது கண்ணில் முள்ளாய்த் தைக்கும்.

மின்னழுத்தத்தைக் குறைப்பதிலும் அளவு வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகள் சில, மின்னழுத்தம் போதாதபோது கணினியை நிறுத்துவதில்லை; குறித்த வேகத்தைத் திரையில் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் துடிப்பை நீட்டிவிடும். அளவி நிரலில் உழைக்கும் வேகம் என்பது தனி வரியாக இருக்கும். ரைசன் வைத்திருப்போர் அதனையே நோக்க வேண்டும். மறுபுறம், மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது செயலியின் ஆயுளைத் தின்னும். இன்டெல்லின் 13, 14 ஆம் தலைமுறைச் செயலிகள் சில, எவரும் விரட்டாமலே மிகுந்த மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததும், அதனைத் தடுக்க அந்நிறுவனம் 2024 ஆகஸ்டில் திருத்த நிரல் வெளியிட்டதும் அண்மைச் செய்தி. மிகைவேகத்தால் நேரும் சேதம் உத்தரவாதத்துள் அடங்காது என்பதையும் மறத்தலாகாது.

மிகைவேகத்துக்கு இடம்தரும் மதர்போர்டுகளின் பயாஸில் அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் வசதி பொதுவாக இருக்கும். தில்லி, நாக்பூர், அகமதாபாத் போன்ற இடங்களில் வாழ்வோர் இரண்டு அமைப்புகளைச் சேமித்துக்கொள்வது நலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை 5 கிகாஹெர்ட்ஸ் என ஒன்று, மார்ச் பிறந்ததும் மாற்றிக்கொள்ள 4.8 என ஒன்று. மாற்றுவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். ஊரிலிருக்கும் நண்பர்கள் ஆட்டத்துக்கு அழைக்கும் முன்பே அதனை முடித்துவிடலாம்.