கார்க்கொட்டிலுக்கு ஒரு தனிக்கம்பி

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகள் பலவற்றிலே கார் இல்லாத கார்க்கொட்டில்கள் உண்டு. மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ நின்ற இடத்தில் இன்று கால் ஒடிந்த கதிரைகளும் வெற்றுச் சாக்குகளும் கிடக்கும். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஒருவருக்கு இது வாய்ப்பான இடம். ஒரு தச்சு மேசை, ஒரு மின்வாள், ஒரு மின்துறப்பணம் ஆகியவை இருந்தால், பேரப்பிள்ளைக்குத் தொட்டிலும் செய்யலாம். இற்றுப்போன படலையையும் திருத்தலாம். ஆனால், கருவிகளின் விலையைக் கடை கடையாக விசாரிக்கும் மனிதர், அவற்றுக்கு மின்சாரம் எந்த வழியாக வரப்போகிறது என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை.

அக்கொட்டிலில் முன்னரே ஒரு மின்குமிழ் எரிந்திருக்கும். இரவிலே காரை விடுவதற்கு வெளிச்சம் வேண்டுமென்று, வீட்டின் விளக்குச் சுற்றிலிருந்து மெல்லிய கம்பியொன்றை யாரோ இழுத்து, அருகே உருண்டைக் காலுடைய செருகிக்கான 5 அம்பியர்க் குதையொன்றையும் பொருத்தியிருப்பர். குமிழுக்கு அது போதும். 1,400 உவாற்று மின்வாளுக்குப் போதாது. 230 வோல்ற்று மின்சாரத்தில் அவ்வாள் ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும். தொடங்குகின்ற கணத்திலோ அதன் பன்மடங்கை இழுக்கும். கொட்டிலில் வாள் உறுமும்போது வீட்டு மண்டபத்து விளக்கு மங்குமாயின், அக்கம்பி சுமக்கத்தக்க சுமை அதுவன்று என்பது தெளிவு.

சில நாளில் உருகி போய்விடும். "தம்பி, இது ஒவ்வொரு நாளும் போகுது, கொஞ்சம் தடிச்ச கம்பியாய்ப் போட்டுவிடும்" என்று வீட்டுக்காரர் அயலிலுள்ள மின்வேலைகாரரைக் கேட்பார். "ஐயா, உருகியிலை பிழையில்லை, சுவருக்குள்ளை போற வயரிலைதான் பிழை" என்று மறுப்பவர் நல்ல வேலைகாரர். முகத்துக்கு அஞ்சி இணங்குவாரும் உளர். அன்றுதொட்டு உருகி போகாது; கம்பிதான் சூடேறும். உருகியும், இக்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்துள்ள சுற்றுடைப்பானும் காக்க வந்தவை கம்பியையே. ஆகவே அவற்றின் அளவு கம்பியின் பருமனுக்கு ஏற்றதாகவே இருத்தல் வேண்டும். மிகப் பழைய வீடுகளிலே இறப்பர் உறையிட்ட கம்பிகளைக் காணலாம். விரல் பட்டாலே உறை உதிரும். முகட்டிலே அணில் கடித்த இடங்களைக் கூரையில் ஏறிப் பார்த்தாலன்றி அறிய முடியாது.

வேறு சிலர் வீட்டுக்குள்ளிருந்து நீட்டு வயரொன்றைக் கொண்டுவருவர். 0.75 சதுர மில்லிமீற்றர்ப் பருமனுள்ள 30 மீற்றர் வயரின் போக்குவரத்துத் தடை 1.5 ஓமுக்குச் சற்று அதிகம். 6 அம்பியர் ஓடும்போது 9 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்பட, 55 உவாற்றளவான வெப்பம் வயரிலே பிறக்கும். வயரை விரித்து விட்டால் அவ்வெப்பம் காற்றோடு போகும். சுருளாக வைத்து வேலை செய்தாலோ உள்ளே தேங்கி உறையை இளக்கிவிடும்.

கம்பி எரிவது ஓர் ஆபத்து. மனிதரை மின்சாரம் தாக்குவது இன்னோர் ஆபத்து. பழைய 60 உவாற்றுக் குமிழொன்று இழுப்பது 260 மில்லியம்பியர். உடலூடாக 10 மில்லியம்பியரளவு ஓடினாலே பிடித்த கையை விடுவிப்பது அரிதாகலாம். 30 மில்லியம்பியரைத் தாண்டி அது நீடித்தால் இதயத்துடிப்பே குழம்பக்கூடும். 15 அம்பியர் உருகிக்கு இவையெல்லாம் கணக்கில் வராத அளவுகள்.

புவித்தொடுப்பு இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். இலங்கை வீடுகளிலே அது பெரும்பாலும் வளவில் அறைந்த ஒரு கோலை நம்பியது. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் உண்டு. கோடையிலே மேல்மண்ணில் ஈரமும் இராது. கோலுக்கும் நிலத்துக்கும் இடையே 25 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், கருவியின் உலோக உடம்பிலே உயிர்க்கம்பி முட்டும்போது நிலத்துக்கு ஓடுவது 9 அம்பியரளவே. 15 அம்பியர் உருகி அசையாது. கருவியின் உடம்பு மின்னேறியபடியே நிற்கும். அதனை வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நிற்பவர் தொட நேர்ந்தால் என்னாகும்?

இங்கேதான் ட்ரிப் சுவிட்ச் என்று வழங்கும் கருவி உயிரைக் காக்கிறது. போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிடும். 30 மில்லியம்பியர் குறைந்தால், செக்கனின் மூன்றிலொரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஒரு கை உயிர்க்கம்பியையும் மறு கை நொதுமற் கம்பியையும் ஒருசேரத் தொட்டால் மாத்திரம் அதற்கு வேறுபாடு தெரியாது. மாரியிலே அது அடிக்கடி விழுகிறதென்று, அதனைத் தாண்டிக் கம்பியை இணைத்துவிடுவோர் உளர். எங்கோ ஒழுக்கு இருப்பதாலன்றோ அது விழுகிறது! ஒழுக்கைத் தேடாமற் காவலாளியை விரட்டுவதை வேறெந்தக் காரியத்திலும் இவர்கள் செய்யமாட்டார்கள்.

ஆதலால் கொட்டிலுக்குப் பிரதான பலகையிலிருந்து தனிச்சுற்று வேண்டும். புவிக்கம்பியோடு கூடிய 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி, அதற்கு 16 அம்பியர்ச் சுற்றுடைப்பான், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று, தச்சு மேசைக்கு மேலாக 13 அம்பியர்ச் சதுரக்காற் குதைகள் இரண்டோ மூன்றோ போதும். 30 மீற்றர்த் தூரமாயினும், அதே வாளுக்கு வழியில் இழப்பது 3 வோல்ற்றுக்குக் குறைவே. விளக்கு மாத்திரம் வேறு சுற்றில் இருத்தல் நன்று. வாளின் சுற்று விழும்போது விளக்கும் அணைந்தால், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் அலகின் அருகே மனிதர் இருளில் நிற்பார். மின்னொட்டும் இயந்திரமும் வாங்க எண்ணுவோர் முதலில் தம் இணைப்பின் அளவைப் பார்க்கவேண்டும். வழக்கமான 30 அம்பியர் ஒற்றைத்தறுவாய் இணைப்பு தாங்குவது ஏறக்குறைய 6,900 உவாற்று. கேத்திலும் நீரிறைக்கும் பம்பியும் அதே கணக்கிலேதான் சேரும்.

2022ஆம் ஆண்டிலே நாளொன்றில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திரார். மின்சாரம் நின்றதும், ஆளியை மூட மறந்து தேநீருக்குப் போனவரின் மேசைவாள், மின்சாரம் மீண்டதும் தானே சுழலத் தொடங்கும். பக்கத்திலே குழந்தை நிற்கலாம். மின்சாரம் நின்றால் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினாலன்றி இயங்காத ஆளியுள்ள வாளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புடையவை. அவற்றுக்குப் புவிக்கம்பி தேவையில்லை. ஏனையவற்றின் மூன்றாங் காலை வெட்டுவதும், வெறுங்கம்பிகளைக் குதையில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் காணும் பழக்கங்கள்.

பிரதான பலகையைத் திறந்து இணைப்பது தகைமை பெற்ற மின்னியலாளரின் வேலை, வீட்டுக்காரரின் வேலையன்று. அவர் போகுமுன் புவித்தொடுப்பின் தடையை மானியால் அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரும்படி கேட்கவேண்டும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானையும் அழுத்திக் காட்டச் சொல்லலாம். அதன்பின் மாதம் ஒருமுறை வீட்டுக்காரரே அதை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் அது விழாவிட்டால், அன்று வாளைத் தொடாமல் மின்னியலாளரை மறுபடி அழைக்கவேண்டியதுதான்.