சுரங்கத்து முட்டையும் தீடை முட்டையும்

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரேயொரு அத்தியாயத்தை. ஸ்டார் ட்ரெக் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கிய விண்வெளிக் கதைத் தொடர் அது. முதல் தொடர் மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்களோடு நின்றுபோனது. ஆனால் அதே பெயரில் புதிய தொடர்களும் திரைப்படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. அத்தனைக்குள்ளும் மன்னாரில் என் உயிரியல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவது ஒன்றைத்தான். 1967 மார்ச் 9ஆம் திகதி ஒளிபரப்பானது. 'இருளில் இருக்கும் பிசாசு' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

இந்த அத்தியாயத்துக்கு எங்கள் நாட்டிலிருந்தே ஒரு பெரிய இரசிகர் இருந்தார். 1956இல் இலங்கைக்கு வந்து, எங்கள் கடல்களில் சுழியோடி, 2008இல் கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். ஸ்டார் ட்ரெக் முதல் தொடரில் தனக்கு நினைவில் நிற்பது இந்த ஒரு அத்தியாயம்தான் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். விசித்திரமாகவும் ஆபத்தாகவும் இருக்கும் ஓர் உயிர் கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அந்த எண்ணத்தைத் துணிந்து காட்டியது என்பதே அவர் சொன்ன காரணம்.

கதை இதுதான். ஜேனஸ் ஆறு என்ற ஒரு கோள். நிலத்துக்கு அடியில் பெரிய சுரங்கம். அங்கே ஏதோ ஒன்று தொழிலாளரைச் சாம்பலாக எரித்துக் கொல்கிறது. ஐம்பது பேர்வரை செத்துப்போனார்கள். உதவிக்கு வருகிறது எண்டர்பிரைஸ் என்ற கப்பல். கப்டன் கேர்க், அறிவால் மட்டுமே எதையும் நிறுத்துப் பார்க்கும் ஸ்பொக், டொக்டர் மக்கோய் மூவரும் வருகிறார்கள். கொல்லும் உயிரின் பெயர் ஹோர்ட்டா. கடுமையான அமிலத்தால் பாறையைக் கரைத்துக்கொண்டு, நீருக்குள் மீன் போவதுபோல அது கல்லுக்குள்ளால் போகிறது.

சுரங்க அதிகாரியின் மேசையில் அழகான ஓர் உருண்டை இருக்கும். ஸ்பொக் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். கீழ்த்தளம் ஒன்றைப் புதிதாகத் திறந்தபோது இப்படி ஆயிரக்கணக்கில் கிடைத்தன, விலை ஒன்றும் பெறாது என்பார் அதிகாரி. நான் படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். "பிள்ளைகள், இது என்ன?" என்று கேட்பேன். கல் என்பார்கள், கண்ணாடிப் பந்து என்பார்கள். அரிப்புப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை ஒருவன், "முத்து, ரீச்சர்" என்றான். மன்னார்ப் பிள்ளை வேறென்ன சொல்லும்! 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் எங்கள் முத்துப் பார்களிலிருந்து 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். அடுத்த வருடம் லண்டன் கம்பனி ஒன்று 20 வருடக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பாரில் சிப்பி இல்லை, கம்பனியும் நிலைக்கவில்லை. அது தனியொரு உரைக்குரிய விஷயம், இன்றைக்கு நேரம் போதாது.

அந்த உருண்டைகள் சிலிக்கனால் ஆனவை. அது தெரிந்ததும் ஸ்பொக்கின் மனதில் ஒரு கேள்வி எழும்: எங்களைப்போல காபனால் ஆகாமல், சிலிக்கனால் ஆன உயிர் இருக்க முடியுமா? நேயர்களே, வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தக் கேள்விக்குத்தான். காபனும் சிலிக்கனும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே கூட்டம். இரண்டும் நான்கு பிணைப்புகளை உண்டாக்கக்கூடியவை. ஆனால் நாங்கள் மூச்சுவிடும்போது வெளிவருவது காபனீரொட்சைட்டு, ஒரு வாயு. சிலிக்கன் ஒட்சிசனோடு சேர்ந்தால் வருவது சிலிக்கனீரொட்சைட்டு. அது வாயு அல்ல, திண்மம். எங்கள் கடற்கரையில் காலில் ஒட்டும் வெண்மணலில் பெரும்பங்கு அதுதான். சிலிக்கன் உயிர் ஒன்று எங்களைப்போல மூச்சுவிட்டால் மணலைத்தான் வெளியே விடவேண்டும்! பேசாலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே தங்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், எப்போதும் அதில் கொஞ்சம் மணல் இருக்கும். உயர்தர இரசாயனவியலில் மனதில் பதியாத ஒன்று அன்றைக்குப் பதிந்துவிடும்.

கதைக்கு வருகிறேன். காயப்பட்ட ஹோர்ட்டாவின் உடலில் கைவைத்து, ஸ்பொக் தன் மனதை அதன் மனதோடு இணைக்கிறார். வேதனை தாங்காமல் அலறுகிறார். அப்போதுதான் உண்மை வெளிவருகிறது. 50,000 வருடத்துக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் இறந்துவிடும், ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். அடுத்த தலைமுறை முழுவதற்கும் அவள்தான் தாய். அந்த உருண்டைகள் முட்டைகள். தொழிலாளர் உடைத்து எறிந்தது அவளுடைய பிள்ளைகளை.

ஹோர்ட்டாவாக அந்தக் கவசத்துக்குள் ஊர்ந்து நடித்தவர் யானோஸ் ப்ரொஹாஸ்கா, ஹங்கேரியில் பிறந்த சாகசக் கலைஞர். உடையையும் அவரே செய்தார். அதைப் பார்த்த தயாரிப்பாளர் ஜீன் கூன் அந்த உருவத்துக்காகவே கதை எழுதினார் என்பார்கள். முகமில்லை, கண்ணில்லை, வெறும் பாறைத் திரள் மாதிரி ஓர் உடல். அதைப் பார்த்து என் வகுப்பில் பிள்ளைகள் கண்கலங்குகிறார்கள் என்றால், உள்ளே இருந்த அந்த மனிதரின் திறமையை நினைத்துப் பாருங்கள்.

இனி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். தலைமன்னாருக்கு மேற்கே, இராமர் அணையின் மணல் தீடைகள். 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. சோளகம் வீசும் மாதங்களில் அங்கே ஆலாக்கள் முட்டையிடும். பெரிய கொண்டை ஆலா, சின்ன ஆலா என்று பல வகை. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, கடற்படைக்கும் அறிவித்து, மாணவர் சிலரோடு ஒருமுறை போனேன். எங்களைக் கொண்டுபோனவர் அந்தக் கடலிலேயே வளர்ந்த ஒரு தொழிலாளி. தீடைக்குக் கிட்டப் போனதும் இயந்திரத்தை நிறுத்தினார். "ரீச்சர், பிள்ளைகளை ஈர மணலோடேயே நடக்கச் சொல்லுங்க. காய்ஞ்ச மணலுக்கு ஏறவேண்டாம்" என்றார். வெள்ளம் ஏறாத உயரத்தில்தான் ஆலா முட்டை வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். புத்தகம் எதையும் வாசித்துத் தெரிந்துகொண்டதல்ல அது.

படம் எடுக்கவென்று ஒரு பிள்ளை பின்பக்கமாகவே இரண்டடி ஏறிவிட்டாள். கிறீச்சென்று ஒரு சத்தம், மேலேயிருந்து நேராக இறங்கி அவளுடைய தொப்பியில் ஒரு கொத்து. அவள் பயந்துபோய், "ரீச்சர், நான் ஒண்டும் செய்யல்லையே, ஏன் கொத்துது?" என்று கத்தினாள். அப்படியே அசையாமல் நின்று கீழே பார்க்கச் சொன்னேன். அவளுடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு முட்டைகள். கூடு என்று ஒன்றுமில்லை. மணலில் நெஞ்சால் அழுத்திய ஒரு சின்னக் குழி, ஓரத்தில் உடைந்த சிப்பித் துண்டுகள். முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்றேதான். மேலே கபிலப் புள்ளிகள், இடையிடையே மங்கிய சாம்பல் திட்டுக்கள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எங்கே என்று தேடவேண்டும்.

நாங்கள் பின்வாங்கி ஈர மணலில் குந்தியிருந்தோம். தாய்ப்பறவை உடனே திரும்பி வந்தது. அடைகாப்பது சூடு கொடுக்கத்தானே என்று நினைக்கிறோம். அந்த உச்சி வெயிலில் அது செய்தது நேர்மாறான வேலை. செட்டையைத் தாழ்த்தி முட்டைக்கு நிழல் பிடித்தது. இடையிலே கடலுக்குப் பறந்துபோய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்தது. அதை விரட்டிவிட்டு நாங்கள் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தால் போதும், முட்டை வெந்துபோயிருக்கும். யாரும் மிதிக்கத் தேவையில்லை, சும்மா நின்றாலே கேடுதான். திரும்பி வரும்போது படகில் அந்தப் பிள்ளை தானாகச் சொன்னாள்: "ஹோர்ட்டா, ரீச்சர்." வேறொன்றும் பேசவில்லை.

அத்தியாயத்தின் முடிவைப் பற்றியும் சொல்லவேண்டும். டொக்டர் மக்கோய் ஹோர்ட்டாவின் காயத்தைக் கொங்கிறீட்டால் பூசிக் குணமாக்குகிறார். பிறகு ஓர் உடன்பாடு. குஞ்சுகள் பாறையைக் குடைந்து போகும், தொழிலாளர் அந்த வழியில் கனியத்தை எடுத்துக்கொள்வார்கள், ஒருவரையொருவர் தொடமாட்டார்கள். எல்லோருக்கும் இலாபம். இந்த முடிவு எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை, வகுப்பிலும் இதை வைத்து வாதம் நடக்கும். ஹோர்ட்டா தப்பியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. அவளுக்காகப் பேச ஸ்பொக் இருந்தார். அதோடு, அவளால் சுரங்கத்துக்கு ஆதாயமும் இருந்தது. ஆலாவால் யாருக்கு என்ன ஆதாயம்? ஆதாயம் இல்லாத உயிருக்கு உடன்பாடு யார் எழுதுவார்? அந்தத் தொடர் கேட்காமல் விட்ட கேள்வி இது. மன்னாரில் இருக்கும் நாங்கள் அதைக் கேட்காமல் விட முடியாது. எங்கள் தீவின் மணலுக்குள் இல்மனைட் இருக்கிறது. அதை அகழ்வதற்கு எதிராகவும், புதிய காற்றாலைகளுக்கு எதிராகவும் 2025இல் எங்கள் சனம் வீதியில் இறங்கி நின்றது உங்களுக்குத் தெரியும். பறவைகள் கூடும் வங்காலைச் சதுப்பும் தீடைகளும் இவை பற்றிய பேச்சுவார்த்தை மேசையில் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. குடிநீரும் தொழிலும்போல, குஞ்சு பொரிக்கும் இடமும் அங்கே பேசப்படவேண்டும்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ப்ரொஹாஸ்காவைப் பற்றியும் முத்துப் பார்களைப் பற்றியும் இன்னும் சொல்ல இருந்தது, இன்னொரு நாளைக்குப் பார்ப்போம். அந்த அத்தியாயம் கிடைத்தால் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். மேசையில் உருண்டை வரும் இடத்தில் நிறுத்தி, அது என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். தீடைப் பக்கம் தொழிலுக்குப் போகும் சகோதரர்களே, சோளக மாதங்களில் இறங்க நேர்ந்தால் ஈர மணலோடு நில்லுங்கள், நாயைப் படகிலிருந்து இறக்காதீர்கள். முட்டையைக் கண்டால் தொடாமல் இடத்தை மட்டும் மனதில் வைத்து, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வருடம் தீடையில் நிறையக் குஞ்சு பொரிக்கட்டும்.