செருவும் சாகரும்



ஹைதராபாத் நகரில் ஏரிக்குப் பெயர்கள் இரண்டு வழங்குகின்றன. பேரேரிகள் பல ‘சாகர்’ எனப்படும். ஊர்ப்புறத்து ஏரிகளோ ‘செருவு’ எனப்படும்.

சாகரம் என்பது வடமொழியில் கடலைக் குறிக்கும் சொல். குதுப் ஷாஹி மன்னர் இப்ராஹிம் குலி காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், அமைந்தது ஹுசைன் சாகர். 1908ஆம் ஆண்டு மூசி நதி பெருக்கெடுத்து நகரை அழித்தபின், வெள்ளத்தைத் தடுக்க உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன. மனிதர் அமைத்த ஏரியைக் கடல் என்பது உயர்வு நவிற்சியே. நீரின் பரப்பைக் கண்டு வியந்தவர் இட்ட பெயர் அது.

செருவு என்னும் தெலுங்குச் சொல்லோ வேறொன்றைக் கூறுகிறது. அதன் உறவினரைத் தென்மொழிகள் அனைத்திலும் காணலாம். கன்னடத்தில் அது கெரெ, மலையாளத்தில் சிற, தமிழில் சிறை. தமிழர் செவி என்பதைக் கன்னடர் கிவி என்பதுபோல, இங்கும் சகரமும் ககரமும் மாறி நிற்கின்றன. சிறை என்றவுடன் இன்று நமக்குக் கைதிகளே நினைவுக்கு வருகின்றனர். ஆனால் கல்லால் ஆகிய அணையைக் ‘கற்சிறை’ எனத் தொல்காப்பியம் குறிக்கின்றது. ஓடும் நீரைத் தடுத்துக் காத்தலே இச்சொற்களின் அடிப்பொருள். ஆகவே, செருவு என்று பெயரிட்டவர் நீரைவிடக் கரையையே முதலில் எண்ணினர் எனலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்நகரில் மாசாப் டாங்க் என்றொரு பகுதி உண்டு. மா சாஹிபா என்னும் அரசகுலப் பெருமாட்டியின் பெயர் கொண்ட ஏரி அங்கே இருந்தது. இன்று பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. சென்னையிலும் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்ட இடத்தில் தியாகராய நகர் எழுந்துள்ளது. 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஹைதராபாத்தின் தென்பகுதியிலுள்ள குர்ரம் செருவின் கரை உடைந்து, குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரியின் இடத்தையும் கால்வாயின் வழியையும் மனிதர் எடுத்துக்கொண்டால், நீர் தன் இடத்தைத் தேடி வீட்டுக்குள் வருவது இயல்பேயன்றோ?

சாகர் என்னும் பெயர் நீரின் பெருமையைப் பாடுகிறது. செருவு என்னும் பெயர் நம் கடமையைச் சொல்லுகிறது. கரையைக் காப்பவருக்கே ஏரி உண்டு. காவாதவருக்கு எஞ்சுவது தெருப்பெயர் மட்டுமே.