தாத்தாவின் துப்பாக்கிக் கட்டை
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"தம்மம்பட்டிக்காரன் ஏதாவது பேசு" என்றார்கள். ஊரைப் பற்றிப் பேசினால் மரத்தைப் பற்றித்தான் பேசவேண்டும்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வேட்டை ரைபிள் ஒன்று உண்டு. பச்சைமலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர் அவர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கி ஆணியில் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை. அப்பா உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். அவருக்குப்பின் என் பெயருக்கு வந்தபோது, கட்டை கைப்பிடிக் கழுத்தில் விரிந்து, செப்புக் கம்பிச் சுற்றில் நின்றது. "சுடாத துப்பாக்கி எதுக்கு? ஒப்படைச்சுடு" என்றான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை.

மரத்துக்குப் பேர்போன ஊரில் மரத்துக்கா பஞ்சம்? கட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, சாமி சிலை செதுக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். பட்டறை முழுக்கத் தூங்குமூஞ்சி வாகை. "இதிலேயே ஒண்ணு செதுக்கிக் குடுங்கய்யா" என்றேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, வாகை உளிக்குச் சுகம். ஆனா ரேகை பின்னிப் பின்னி ஓடும். துப்பாக்கி உதைக்கிறப்போ கழுத்துல ரேகை நேரா ஓடணும். குறுக்க வெட்டுச்சுன்னா பொளந்துரும். அதோட, துப்பாக்கி வேலைக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும். எங்கிட்ட அது இல்ல. எவ்வளவு குடுத்தாலும் செய்யமாட்டேன்."

அவர் சொன்னது சரி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

பிறகு நகரத்தில் உரிமம் பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் வைத்திருந்தது நன்றாக உலர்ந்த வால்நட் மரம். கனம் குறைவு, உதையைத் தாங்கும், காய்ந்தபின் அவ்வளவாக முறுக்காது. அதனால்தான் உலகெங்கும் அதற்கு மதிப்பு. அது கிடைக்காத இடத்தில் கையிலிருக்கும் மரத்தைப் பழக்கியிருக்கிறார்கள்; ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை குயின்ஸ்லாந்து மேப்பிளில் ராணுவ ரைபிள் கட்டைகள் செய்தது. நம்மவர் இரும்பில் விளக்குக்கரி பூசி மரத்தில் வைத்து எடுப்பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் ஒரு சீவு. மறுபடி வைப்பார், மறுபடி சீவுவார். இரும்பு மரத்தில் முழுசாகப் பதிந்து உட்காராவிட்டால், உதை ஒரே இடத்தில் விழுந்து கட்டை விரியுமாம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், கையாலேயே தேய்த்து, பல நாள்.

புதுக்கட்டையோடு துப்பாக்கி வீடு வந்தது. ஆனால் பழைய கட்டையை எறிய முடியவில்லை. பட்டறைப் பெரியவரிடமே காட்டி, "இதுல ஒரு பிள்ளையாராவது செதுக்குங்க" என்றேன். பக்கவாட்டில் வழவழவென்றிருந்த ஓர் இடத்தைத் தடவினார். "இது உங்க தாத்தா கன்னம் வெச்ச இடம். இதுல நான் உளி வெக்கமாட்டேன். அப்படியே வெச்சிருங்க" என்றார்.

இரண்டு தடவையும் அந்த மனிதர் கூலியை வேண்டாமென்றார். மாணவர்களே, நாளைக்கு நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்து கையை எடுக்கிற அந்தத் தேர்ச்சியும் உங்களுக்கு வரவேண்டும். பழைய கட்டை இன்றும் எங்கள் வீட்டில், தாத்தா படத்துக்குக் கீழே இருக்கிறது.